கதையில் வரும் ஒரு பெரியவருக்கு

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாங்களாகவே கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம், விஷயம் அப்படிப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கஞ்சியிலிருந்து குழைந்த சாதத்துக்குப் பதவி உயர்வு பெற்று, ஜன்னலோரம் உட்காரவும் டாக்சியில் ஒரு நடை போய்வரவும் அனுமதி கிடைத்திருக்கும் இந்த இடைவேளையில் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது என் மனைவி வசந்தா. "ஊருக்கெல்லாம் கதை சொல்லுதீயல்லா, இதையும் சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் இன்னும் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

நான் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மும்பை செம்பூரில் மகன், மருமகளோடு இருக்கிறோம். பொழுது போக வேண்டுமே என்று மும்பைத் தமிழர்கள் சிலர் நடத்தும் ஓர் இணைய இதழில் தொடர்கதை எழுதத் தொடங்கினேன். கதாநாயகி தேன்மொழி ஒரு பாராமெடிக். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஆம்புலன்ஸின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறவர். அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல் அத்தியாயத்தில் தேன்மொழியைக் கூந்தல் பறக்க ஓடும் வண்டியில் தொற்றி ஏற வைத்தேன். 'ஆசிரியர் ஆம்புலன்ஸை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை போலும்' என்று ஒரு வாசகர் எழுதிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அப்படித்தான் இசக்கியைத் தேடிப் போனேன். வசந்தாவுக்கு ரவிக்கை தைக்கும் அம்மாளின் மகள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுப் பேச்சு வள்ளியூர்ப் பக்கத்துப் பேச்சு. ஓர் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸில் வேலை. அழைப்பு இல்லாத நேரத்தில் அவர்கள் வண்டி கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மரத்தடியில் நிற்கும். நான் பஸ் பிடித்துப் போய், டிரைவருக்கும் அவளுக்கும் காபி வாங்கிக் கொடுத்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பேன். முதலில் என்னை சார் என்றவள், வசந்தா கொடுத்தனுப்பிய அதிரசத்துக்குப் பிறகு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்க நெனைக்க மாதிரி நாங்க ஓடிக்கிட்டே இருக்க மாட்டோம்" என்றாள் ஒரு நாள். "டியூட்டிக்கு வந்ததும் ஆக்சிஜன் இருக்கா, சளி உறிஞ்சுற மெஷின் ஓடுதா, ஸ்ட்ரெச்சர் பெல்ட் அறுந்திருக்கான்னு பாக்கணும். பொறவு உக்காந்திருக்கதுதான். போன் கால் வந்தா, தாராவிக் கல்லி இருக்கே, அந்தச் சந்துல ஸ்ட்ரெச்சர் உள்ள போகாது. மாடி ரூமுல பேஷன்ட் இருந்தா அந்த இரும்பு ஏணியில பெட்ஷீட்ட கட்டித்தான் எறக்கணும். அதுக்குள்ள வீட்டுக்காரங்க, 'இருங்க, அம்மாவுக்கு நல்ல சேல கட்டிவிடுதோம்'னு நிப்பாவ. மூச்சு வாங்குற ஆளுக்குச் சேல மாத்துவாவ, மாமா!"

"ஆஸ்பத்திரியில விட்டதும் அடுத்த கேஸுக்குக் கிளம்பிருவியா?"

"எங்க கெளம்ப? அங்க பெட்டு இருக்காது. பேஷன்ட் எங்க ஸ்ட்ரெச்சர்லயே படுத்திருப்பாவ. ஸ்ட்ரெச்சர் திரும்பிக் கைக்கு வர்ற வரைக்கும் சுவரோரமா நிக்கணும். பாதி டியூட்டி அதான்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, நான் என்ன எழுதினேன் தெரியுமா? தேன்மொழி மழையில் ஓடினாள். சுவரோரமாக நிற்கும் கதாநாயகியை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. அத்தியாயத்துக்கு நோயாளி தேவைப்படும்போது நான் இசக்கிக்குப் போன் செய்வேன். "கதையில ஒரு பையன் பைக்கில இருந்து விழுந்துட்டான்" என்பேன். அவள் உடனே, "பொழைக்கணுமா, போயிரணுமா?" என்று கேட்பாள். பிழைக்க வேண்டும் என்றால் அதற்குத் தக்க அடி, போக வேண்டும் என்றால் அதற்குத் தக்க அடி. துணிக்கடையில் அளவு கேட்டுச் சட்டை எடுத்துப் போடுவதுபோல, கதைக்கு வேண்டிய அளவில் நோயை எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கும் அது விளையாட்டாக இருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் அவள் அம்மா அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவாளாம்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அது தொடங்கியது. முழங்கால் வலிக்காக மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. பிசுபிசுப்பு, இதுவரை அறியாத ஒரு நாற்றம். மறுநாளும் அப்படியே. எழுந்தால் தலை கிறுகிறுத்தது. அது என்ன என்று இப்போது எனக்குப் பாடம் சொல்லத் தெரியும்: இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசிந்தால், அது குடல் வழியாக வரும்போது செரித்துக் கறுத்துவிடும். சிவப்பாக வந்தால் ஆள் பயந்து ஓடுவான். கறுப்பாக வந்தால் என்னைப் போன்றவன் நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காயைச் சந்தேகிப்பான்.

நான் கத்தரிக்காயையும் சந்தேகித்தேன், புற்றையும் சந்தேகித்தேன். பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கூச்சம் பெரிதாக இருந்தது. வயிற்றுவலி என்றால் சொல்லலாம், நெஞ்சுவலி என்றால் கௌரவமாகக்கூடச் சொல்லலாம். இதை எப்படி வசந்தாவிடம் சொல்வது? சொன்னால் அவள் மகனிடம் சொல்வாள், மகன் மருமகளிடம் சொல்வான், சாப்பாட்டு மேசையில் என் மலத்தின் நிறம் பேசப்படும். அறுபதைக் கடந்த மனிதனின் மூளை இப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதை நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு மதியம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு இசக்கிக்குப் போன் செய்தேன். அவள் டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்தாள். உள்ளே வசந்தா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இசக்கி, கதையில ஒரு பெரியவருக்கு மலம் கறுப்பாப் போகுது. தலை சுத்துது. என்னவா இருக்கும்?"

"உள்ள ரத்தம் கசியுது மாமா. அல்சரா இருக்கும். பொழைக்கணுமா, போயிரணுமா?"

"பிழைக்கணும்" என்றேன். அதை மட்டும் நான் உண்மையாகச் சொன்னேன். "ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. கதைக்கு ஒரு வாரம் வேணும். வீட்டில ஒரு கல்யாணப் பேச்சு இருக்கு. ஒரு வாரம் தாங்குமா?"

பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவள் யோசித்தாள். "அப்ப கசிவ மெதுவா வைங்க. மெதுவான்னா ஒரு வாரம் தாங்குவாரு. வெளிறிப்போயி, படியேறுனா மூச்சு வாங்கும்னு எழுதுங்க. அது போதும்."

நல்ல பதில் என்று நினைத்து நன்றி சொன்னேன். வெட்கங்கெட்டு இதையும் எழுதிவிடுகிறேன்: எனக்கு வேண்டிய பதில் வரும்படி கேள்வியை நான்தான் வெட்டித் தைத்தேன். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். நான் பொய்கூடச் சொல்லவில்லை, கதை சொன்னேன். ஒரு வாரம் தாங்கும் என்று வைத்திய வாக்கே கிடைத்துவிட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொண்டேன்.

வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் நாற்காலியிலிருந்து எழுந்தவன் அப்படியே ஹாலில் சரிந்தேன். நினைவு வந்தபோது தரையில் கிடந்தேன், வேட்டி நனைந்திருந்தது. மகன் வேலையாகப் புனேவுக்குப் போயிருந்தான். வசந்தா போனில் பேசினாள். அவளுக்குத் தெரிந்த ஆம்புலன்ஸ் இசக்கிதான். மருமகள் சாயலி, மராட்டிப் பெண், வங்கிக்குப் போகப் புறப்பட்டு நின்றவள், கைப்பையை வைத்துவிட்டு வாளியில் தண்ணீரும் துண்டும் எடுத்து வந்தாள்.

மாமனார் மருமகள் முன்னால் சட்டையில்லாமல்கூட உட்காராத வீடு எங்களுடையது. "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று முனகினேன். சாயலி என் பக்கத்தில் மண்டியிட்டு, "பாபா, பங்கா தேக்கோ" என்றாள். மின்விசிறியைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள் என்று அர்த்தம். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் துடைத்து, வேட்டி மாற்றி, அழுக்கை மூட்டையாகக் கட்டிப் பால்கனியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கீழே வண்டி வந்ததா என்று எட்டிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

தேன்மொழியைப் போல இசக்கி ஓடி வரவில்லை. வேகமாக நடந்து வந்தாள். மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்து, நாடி பிடித்து, பிரஷர் பார்த்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வண்டிக்குள் ஆக்சிஜன் மாட்டிவிட்டு, என் கையை அவள் மடியில் வைத்து ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, வெளிக்கி எப்படிப் போகுது? கறுப்பாவா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

எதிரே வசந்தா, என் வலி மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்குத்தான்" என்றேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் சோறுகூட இல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் படுக்கை இல்லை. இசக்கியின் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தேன். அதனால் அவளும் சுவரோரமாக நின்றாள். இளம் டாக்டர் ஒருவர் திரையை இழுத்து, கையுறை போட்டுப் பின்பக்கம் விரல் விட்டுச் சோதித்தார். கசிவு உண்டா என்று அறிய அதுதான் நேர்வழியாம். பிறகு ஹிந்தியில் கேட்டார், எப்போதிலிருந்து என்று. "கல் ஸே" என்றேன், நேற்றிலிருந்து. ஒருநாள் கூட்டியதையே பெரிய தியாகமாக நினைத்தேன். அவர் என் நகங்களைப் பார்த்து, "ஒரே நாளில் ஆள் இவ்வளவு வெளுக்க மாட்டார்" என்றார்.

இசக்கி சுவரிலிருந்து நகர்ந்து என் தலைமாட்டுக்கு வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"மாமா, அன்னிக்கிப் போன்ல சொன்ன பெரியவரு நீங்கதானா?"

நான் மேலே மின்விசிறியைத் தேடினேன்.

"எந்தப் பெரியவரு?" என்றாள் வசந்தா.

இசக்கி அவளுக்குப் பதில் சொல்லாமல் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏக் ஹஃப்தா, டாக்டர்" என்று ஒரு வாரக் கணக்கையும் வலி மாத்திரையையும் ஹிந்தியில் ஒப்பித்தாள். டாக்டர் உடனே ரத்தத்துக்கு எழுதினார், என்டோஸ்கோப்பிக்கு ஆள் அனுப்பினார். ஸ்ட்ரெச்சர் அவள் கைக்கு வந்ததும் விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

என்டோஸ்கோப்பி என்பது கேமரா வைத்த குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டுப் பார்ப்பது. தொண்டை மரத்துப்போக ஒரு கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள். பல்லிடையே ஒரு வளையம் வைப்பார்கள். குமட்டும், கண்ணில் நீர் கொட்டும், மூச்சு முட்டுவது போலிருக்கும், ஆனால் முட்டாது. அங்கேயே புண்ணின் வாயில் ஊசி போட்டுச் சின்ன கிளிப் ஒன்றை மாட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள். புண்ணின் ஓரத்திலிருந்து துளிச் சதை எடுத்துப் புற்று உண்டா என்று பார்க்க அனுப்பினார்கள். யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தம் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கியது. பில்லைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இன்ஷூரன்ஸ் ஆட்களோடு சாயலி மராட்டியில் போட்ட சண்டை தனிக் கதை.

வார்டில் என் மானம் தவணை முறையில் போயிற்று. ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் நர்ஸ் வாசலிலிருந்தே கேட்பாள்: "காகா, சண்டாஸ் ஜாலி கா? கலர் கசா?" போயிற்றா, என்ன நிறம் என்று. நான் அவள் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருப்பேன், அவள் வரமாட்டாள். முதலில் விரலால் சைகை காட்டினேன். பிறகு முணுமுணுத்தேன். கடைசியில், "காளா!", கறுப்பு, என்று நானும் கத்தப் பழகினேன். பக்கத்துக் கட்டில்காரர், கோவண்டிப் பகுதியில் தோல் பை தைக்கிறவர், தினமும் எனக்காகப் பிரார்த்தித்தார். நிறம் மஞ்சளுக்குத் திரும்பிய அன்று வார்டே சந்தோஷப்பட்டது. ஒரு வாரம் மனைவியிடம் மறைத்த சேதி, ஜாதி மதம் பாராமல் அத்தனை பேருக்கும் நல்ல சேதியாயிற்று.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வேளாவேளைக்கு வடிகட்டிய கஞ்சி கொண்டுவந்தாள், கால் பிடித்துவிட்டாள், ஆனால் பேசவில்லை. சதைப் பரிசோதனை முடிவு வர வேண்டிய நாளில் ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். புற்றாக இருந்தால் என்ன செய்வது என்று ஆய்வகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"கதைக்குச் சொல்லத் தெரிஞ்ச வாயி, கட்டுனவகிட்டச் சொல்லத் தெரியலியா? நான் அடுத்த ரூமுலதான இருந்தேன்? கதவச் சாத்திக்கிட்டு ஊராம் பிள்ளைட்ட போய் யாருக்கோன்னு கேட்டிருக்கீய."

"வெக்கமா இருந்துச்சு வசந்தா."

"எங்கிட்டயா?"

உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டார்கள். முடிவு வந்தது. புற்று இல்லை, மாத்திரையும் ஒரு கிருமியும் சேர்ந்து செய்த வேலை, மருந்தில் ஆறிவிடும். வசந்தா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் அழுதாள்.

இசக்கி வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. அவள் அம்மாவிடம் வசந்தா பேசியபோது சேதி தெரிந்தது. வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். யார் போனில் நோய் பற்றிக் கேட்டாலும் வாயே திறக்காமல் டாக்டரிடம் போங்கள் என்று வைத்துவிடுகிறாளாம். கல்லியில் அக்கம்பக்கத்தார் எல்லாம் அவளிடம் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கிளம்புவார்கள். இப்போது அவர்களுக்கும் பதில் இல்லை. என் கூச்சம் என்னை மட்டும் கொல்லப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படுக்கையில் கிடந்ததைவிட அது கேவலமாக இருந்தது.

நடக்கத் தெம்பு வந்ததும் வசந்தாவும் நானும் டாக்சியில் கிங்ஸ் சர்க்கிள் போனோம். வண்டி மரத்தடியில் நின்றது. இசக்கி பின்கதவைத் திறந்து வைத்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தா, "நீங்க போய்ப் பேசுங்க" என்று பூக்கடைப் பக்கம் நின்றுகொண்டாள்.

"இசக்கி, என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒரு வாரம் தாங்கும்னு நான்தான சொன்னேன். பஸ்ஸுல சீட்டு கெடைக்கலங்கிற எரிச்சல்ல, வெளையாட்டா சொன்னேன் மாமா. நீங்க அத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீய. போயிருந்தீயன்னா? நான் சொல்லித்தான் போனீயன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது. அடுத்த கதைக்கும் போன் வரும்னு இருந்திருப்பேன்."

"தப்பு உன்னுது இல்ல. கேட்டது நான். கதையை நிறுத்திட்டேன்."

"கத எதுக்கு நிறுத்துறீய?" என்று துணியை விசிறி எறிந்தாள். "எனக்குக் கதயா முக்கியம்? போன் அடிச்சாலே அந்தப் பஸ்ஸுதான் ஞாபகம் வருது. எனக்கு அந்தப் போன் கால் திரும்பி வரணும்."

எனக்குப் புரியவில்லை. அவள் தன் போனைக் காட்டினாள். "அந்தால போங்க. போயி, மொத நாளு அடிச்சிருக்க வேண்டிய போன இப்ப அடிங்க."

நான் நடைபாதையில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று போன் செய்தேன். அவள் எடுத்தாள். நேருக்கு நேர் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"எனக்கு மலம் கறுப்பாப் போகுது" என்று கத்தினேன். இளநீர்க்காரன் திரும்பினான். காய்கறி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு மாமிகள் திரும்பினார்கள். வசந்தாவும் திரும்பினாள். காது மடல் சுட்டது.

"யாருக்கு?"

"எனக்கு. எனக்குத்தான்."

"எப்பத்திலேருந்து?"

"இன்னிக்குக் காலையில இருந்து."

வண்டிக்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அழைப்பு எடுக்கும்போது பேசும் நிதானமான குரலில் கேட்டாள்.

"வீட்ல அத்த இருக்காவளா?"

"இருக்கா."

"போன அத்தகிட்ட குடுங்க."

பூக்கடைக்கு நடந்துபோய்ப் போனை நீட்டினேன். வசந்தா என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்கிக் காதில் வைத்து, இன்னொரு கையால் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா. நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.